ரோட்டில் நிற்கும் 72 நொடி

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. சாலைப் பாதுகாப்பு என்று தலைப்பு கிடைத்தால், நம்ம பசங்க கை நேரா ஆர்டுயினோ, ஜிஎஸ்எம் மாட்யூல் பக்கம்தான் போகும். வண்டி மோதியதும் வீட்டுக்கு மெசேஜ் போகும். நல்ல விஷயம்தான். ஆனால் மோதலுக்கு முன்னாடி, வண்டி பழுதாகி ஓரமா நிக்குதே, அந்த நேரத்தைப் பற்றி நம்மில் யார் யோசிக்கிறோம்?

ஒரு சின்னக் கணக்கு. நான்குவழிச் சாலையில் கார் நின்றுவிட்டது. டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தை எடுத்து, காருக்குப் பின்னால் 50 மீட்டர் தள்ளி வைக்கிறோம். போக 50, வர 50. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 72 நொடி. அந்தச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 28 மீட்டர் கடக்கும். நம்மைக் காப்பாத்த வேண்டிய சாதனமே நம்மை 72 நொடி ரோட்டுல நடக்க விடுது!

ஸ்பெயின் நாடு இதே ஆபத்தை யோசித்துத்தான் முக்கோணத்தையே கைவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் அங்கே கார்களில் 'வி-16' என்ற விளக்கு கட்டாயம். ஜன்னல் வழியா கையை நீட்டி கூரை மேல் வைத்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் ஒளி சுற்றிலும் மின்னும். கார் நிற்கும் இடத்தையும் அதுவே போக்குவரத்துத் துறைக்கு அனுப்பிவிடும்.

குறை இல்லையா? இருக்கு. வளைவுக்கு அந்தப்பக்கம் நிற்கும் காரின் விளக்கு, இந்தப்பக்கம் வருபவருக்குத் தெரியாது. முக்கோணத்தை வளைவுக்கு முன்னாலேயே வைக்கலாம். அலுமினியக் கூரையில் காந்தமும் ஒட்டாது. ஆனாலும் டிரைவரை ரோட்டில் நடக்கவிடக் கூடாது என்ற அந்த யோசனைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

யோசனை புதுசும் இல்லை. நாம் 'ஸ்டெப்னி' என்கிறோமே, அந்தப் பேர் வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. அங்கே 1904-இல் உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன், பஞ்சர் ஆனால் ரோட்டோரமே உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டியதுதான். ஸ்டெப்னி அந்த நேரத்தைக் குறைத்தது.

அதற்கும் ஒரு படி மேலே, வண்டி நிற்காமலே பார்த்துக்கொள்வது டயர் அழுத்தக் கண்காணிப்பு. இதில் ஒரு வகைக்குப் புது சென்சாரே வேண்டாம். காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் குறையும். அதனால் மற்ற சக்கரங்களைவிட வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ்-க்காக ஏற்கனவே இருக்கும் சக்கர வேக சென்சாரே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மீதி வேலை சாஃப்ட்வேர்தான். நாலு டயரிலும் ஒரே மாதிரி காற்று இறங்கினால் இது ஏமாறும், அது வேற கதை.

இப்போ நம்ம ஊர் நெடுஞ்சாலைக்கு வாங்க. பழுதான லாரிக்குப் பின்னால் என்ன இருக்கும்? நாலு கல், ஒரு வேப்பங்கிளை. அந்த டிரைவருக்கு எச்சரிக்கை வைக்கணும்னு நல்லாவே தெரியும். கைக்குக் கிடைத்ததை வைக்கிறார். லாரி கிளம்பிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும். ராத்திரி பைக்கில் வருபவருக்கு அதுவே எமன். அந்தக் கல்லுக்கு மாற்றா, கேபினை விட்டு இறங்காமலே வைக்கக்கூடிய, மலிவான, வண்டியோடவே திரும்பிப் போகிற ஒன்றை நாம ஏன் செய்யக்கூடாது?

என் கருத்து இதுதான். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் "எத்தனை சென்சார் வெச்சிருக்கே?" என்று கேட்பதை விட்டுட்டு, "ஒரு மனுஷன் ரோட்டுல நிக்கிற நேரத்தை இது எத்தனை நொடி குறைக்கும்?" என்று கேட்கட்டும். அதுக்கு நம்ம போன்ல இருக்கிற ஸ்டாப்வாட்ச் போதும்.