‘பறையைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க’

திண்டிவனம்–புதுச்சேரி சாலையிலிருந்து பிரிந்து இரும்பைக்குள் வந்தால், ஒரு வீட்டின் பின்கட்டில் என் ஸ்டுடியோ இருக்கிறது. பாடல் பதிவு செய்கிறேன், மிக்சிங் செய்கிறேன். தனித்தனியாகப் பதிவான குரல், கிடார், தாளம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று முடிவு செய்வதுதான் மிக்சிங். இந்த வேலையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: “பறை சூப்பர் ப்ரோ, ஆனா கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க.”

சினிமா கனவோடு வரும் தம்பிகள் இதைச் சொல்கிறார்கள். பக்திப் பாடல் போடுபவர்கள் சொல்கிறார்கள். ‘உலக இசை’ செய்ய விமானம் ஏறி வருபவர்களும் சொல்கிறார்கள். பாட்டுக்கு ‘மண்ணின் இசை’ என்று விளம்பரம் செய்வார்கள். ஆனால் மண் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும், காலில் ஒட்டக் கூடாது.

“இசைக்கு ஏதுங்க சாதி?” என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பாடல் வரிகளில் மட்டும் சாதியைத் தேடினால் கிடைக்காது. மைக் எத்தனை வைத்தோம், கோப்புக்கு என்ன பெயர் வைத்தோம், சம்பளச் சீட்டில் என்ன எழுதினோம் என்று பாருங்கள். அங்கே இருக்கிறது.

முதலில் மைக். மேற்கத்திய டிரம்ஸ் பதிவு என்றால் ஆறு, எட்டு மைக் வைப்போம். ஒருவர் வாசிக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் தனி ட்ராக். நான்கு பறைக் கலைஞர்கள் வந்தால்? பெரும்பாலான இடங்களில் நடுவில் ஒரே ஒரு மைக், சுற்றி நால்வர். நான்கு பேரும் ஒரே ட்ராக்கில் விழுந்துவிட்டால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஒருவர் அடிக்குச்சியால் போட்ட கனத்த அடியும், இன்னொருவர் சிண்டுக்குச்சியால் தட்டிய மெல்லிய அடியும் ஒரே இரைச்சலாகத் தெரியும். அப்புறம், “பறை ரொம்ப சத்தமா இருக்கு, தெளிவில்ல” என்பார்கள். நால்வரை ஆளாக மதிக்காமல் கூட்டமாகப் பதிவு செய்துவிட்டு, கூட்டமாகக் கேட்கிறது என்று குறை சொல்வது என்ன நியாயம்?

அடுத்து நேரம். பறையின் தோலை நெருப்பில் காய்ச்சினால்தான் விறைத்துக் கணீரென்று பேசும். எங்கள் பகுதிக் கடற்காற்றின் ஈரத்தில் சீக்கிரமே தொய்ந்துவிடும். மறுபடி காய்ச்ச வேண்டும். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஸ்டுடியோவுக்கு இது ஆகாது. கிடாரைச் சுருதி சேர்க்கும்போது எல்லோரும் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள். பறையைக் காய்ச்சப் போனால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே வேலைதானே? கடைசியில், “எதுக்கு இந்தத் தொல்லை, சாம்பிள் போட்டுக்கலாம்” என்று முடிகிறது. எனக்கு வந்த அப்படிப்பட்ட கோப்புகளில் ஒன்றின் பெயர் ‘சாவு குத்து 01’. பெயர் வைத்தவருக்குச் சாதி தெரியாது என்று நம்பச் சொல்கிறீர்களா?

இப்போது என் கதை. நான் யோக்கியன் இல்லை. காலனியில் பிறந்தவன், ஸ்டுடியோ சுவரில் அம்பேத்கர் படம் மாட்டியிருப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடலுக்காகப் பக்கத்து ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் தன் ஆட்களோடு வந்து வாசித்தார். பதிவு முடிந்ததும், “மாமா, ஒவ்வொரு அடியா தனித்தனியா வாசிச்சுக் காட்டுங்க” என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பொறுமையாக வாசித்தார். அந்த அடிகளை வெட்டி என் கணினியில் சேர்த்து வைத்தேன். பிறகு வந்த பாடல்களில் எல்லாம் போட்டேன். ஆள் வரவேண்டியதில்லை, காய்ச்ச வேண்டியதில்லை, கூலி கொடுக்க வேண்டியதில்லை.

ஓர் ஆடித் திருவிழாவில் மைக்செட்டில் நான் மிக்ஸ் செய்த பாட்டு ஓடியது. பெரியவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்பினார். “மாப்ள, இது என் கை மாதிரியே இருக்குதே. இதுக்கு நான் எப்ப வந்து வாசிச்சேன்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சாவுக்குப் பறையடிப்பது பிறப்பால் சுமத்தப்பட்ட ஊழியம், அதை அடிக்க மாட்டோம் என்று நம் இயக்கங்கள் போராடின. பறையைத் தூக்கி எறிந்த ஊர்கள் உண்டு. பிறகு அதே பறையை விடுதலையின் இசையாக மேடை ஏற்றினார்கள் நம் கலைஞர்கள். 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையில் பறையும் கானாவும் முன்வரிசையில் நின்றதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் இன்று என்னிடம் பாட வருகிறார்கள். அந்தப் போராட்டமெல்லாம் வேண்டாம் என்பதுபோல நான் ஒரு வேலை செய்திருக்கிறேன். அன்று ஊர் கூப்பிட்டு வராவிட்டால் அடி விழுந்தது. இன்று வராவிட்டாலும் பரவாயில்லை, கோப்பு இருக்கிறது.

“செஷன் கலைஞர்கள் எல்லோருக்கும் இதே நிலைதான், கிடார்காரருக்கும் ராயல்டி கிடையாது” என்று சில தோழர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. ஆனால் கிடார்காரரின் பெயர் பாட்டின் கீழே வருகிறது. பறைக்கு நேரே ‘உள்ளூர்க் கலைஞர்கள்’ என்று வருகிறது. அப்படி எழுதிய பட்டியலை நானே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். ‘மரபு’ என்ற சொல் இங்கே நல்ல திருட்டுச் சாவி. மரபு எல்லோருக்கும் சொந்தம், ஆகவே வாசித்தவருக்கு எதுவும் சொந்தமில்லை என்று ஆக்கிவிடுகிறது. இத்தனைக்கும் மிருதங்கமும் தோல் கருவிதான். பசு, எருமை, ஆட்டுத் தோலால் அதைச் செய்துதரும் குடும்பங்களில் பெரும்பாலானோர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் 2020இல் வெளிவந்தபோது, வெளியீட்டு விழாவுக்குத் தந்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. வாசிப்பவரின் பெயருக்கு மேடை உண்டு, தோலைத் தொட்டவரின் பெயருக்கு அரங்கம் கூடக் கிடையாது.

புகழ் வந்தால் சரியாகிவிடுமா? 2021இல் கோடிக்கணக்கானோர் பார்த்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை எழுதிப் பாடிய அறிவு, அந்தப் பாடலைப் பேசிய ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் இல்லை. பா. ரஞ்சித் போன்றவர்கள் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணனே அந்தப் பாட்டால் தங்களுக்கு வருவாய் எதுவும் வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். பெயர் ஒரு சண்டை, பதிவின் உரிமை யாரிடம் என்பது இன்னொரு சண்டை. இரண்டையும் சேர்த்தே போட வேண்டும்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் ‘நிகழ்த்துநர்’ என்பதில் பாடகர், இசைக்கலைஞர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை சேர்க்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 38ஏ பிரிவு, வணிகப் பயன்பாட்டுக்கு நிகழ்த்துநருக்கு ராயல்டி பெறும் உரிமையைச் சொல்கிறது. 38பி பிரிவு, இதை நிகழ்த்தியவர் இவர் என்று பெயரால் அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தருகிறது. பாதுகாப்பு 50 ஆண்டுகள். ஆனால் ‘உள்ளூர்க் கலைஞர்கள்’ என்ற பெயரில் யாரும் வழக்குப் போட முடியாது. பெயரை அழிப்பது மறதி அல்ல, உரிமையை அழிப்பது.

இதில் எனக்கும் ஒரு பாடம் உண்டு. அந்தச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை அதன் தயாரிப்பாளருக்கு. மிக்சிங் செய்பவனுக்கு அதில் இடமே இல்லை. நானும் கூலிதான். ஆனாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்ததும், அந்தப் பக்கம் பறையோடு நிற்பவரைவிட ஒரு படி மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டேன். உழைப்பவர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைக்கிறது சாதி என்று அம்பேத்கர் 1936இலேயே காட்டினார். அது என் அறைக்குள்ளும் நடக்கிறது.

அந்த அடிகளை அழித்துவிட்டேன். போட்ட பாடல்களைக் கணக்கெடுத்து, என்னால் முடிந்த தொகையைப் பெரியவரிடம் கொடுத்தேன். இப்போது யார் வாசிக்க வந்தாலும் ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு ட்ராக். ட்ராக்குக்கு ‘பறை 1’ என்று அல்ல, வாசிப்பவரின் பெயர். காய்ச்சும் நேரத்துக்கும் சம்பளம். ஒரு பக்கத் தாளில் தமிழில் ஒப்பந்தம்: எந்தப் பாட்டுக்கு வாசித்தாரோ அதற்கு மட்டும், வேறெதற்கு எடுத்தாலும் மறுபடி கேட்க வேண்டும், மறுபடி பணம் தர வேண்டும். இதைக் கேட்டுவிட்டு இரண்டு தயாரிப்பாளர்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்கள். வாடகை கட்டக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பெரியவரிடம் முதல் தாளை நீட்டி, “பேரு எப்படிப் போடணும் மாமா?” என்று கேட்டேன். “எங்க அப்பன் பேரையும் சேர்த்துப் போடு மாப்ள, அவருதான் கத்துக் குடுத்தாரு” என்றார்.

தோழர்களே, நீங்கள் பாடல்களைப் பகிர்கிறீர்கள், மேடை போடுகிறீர்கள், சிலர் பாடவும் செய்கிறீர்கள். அடுத்த முறை பறை ஒலிக்கும் ஒரு பாட்டைப் பகிரும் முன் அதன் கீழே வாசித்தவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். அது நம் இயக்கத்தின் பாட்டாக இருந்தால் இரண்டு முறை கேளுங்கள்.