சின்னம்மாவின் தோளும் அக்காவின் தூக்கமும்

கோவையில் என் அக்கா இட்லி மாவுக்கடை வைத்திருக்கிறார். நாளுக்கு நூற்றிருபது பாக்கெட் போகும். அதுபோக நான்கு மெஸ்களுக்கு வாளியில் கொடுக்கிறார். போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு நாள், "ஏங் கண்ணு, பாக்கெட் போடற மெசின் ஒண்ணு வாங்கிரலாமா?" என்று கேட்டார். முன்பணத்துக்குக் குறைந்தால் வளையலை அடகு வைக்கவும் தயாராக இருந்தார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் கடையிலேயே உட்கார்ந்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று நோட்டில் எழுதினேன். பாக்கெட் போட ஒன்றேகால் மணி நேரம்தான் ஆனது. அக்காவும், மாவாட்ட வரும் சின்னம்மாவும் ஊர்க்கதை பேசிக்கொண்டே முடித்துவிடுகிறார்கள். பாரம் வேறு இடத்தில் இருந்தது. கடையடைத்து ஒன்பதரைக்கு அக்கா கணக்கில் உட்காருவார். ரொக்கம், யுபிஐயில் வந்த பணம், மெஸ்காரர்களின் பற்று நோட்டு, இந்த மூன்றும் ஒத்துவர மணி பதினொன்று ஆகிவிடும். ஒத்துவராத நாளில் தூக்கமே இல்லை. காலை நாலரைக்கு அரிசி களைய எழ வேண்டியவர் அவர்.

ஆகவே முதலில் கணக்கைத்தான் இயந்திரத்திடம் கொடுத்தோம். செல்போனில் ஒரு பில் செயலி போதுமானதாக இருந்தது. மெஸ்களுக்குப் போகும் வாளி அப்போதைக்கப்போது அதில் ஏறிவிடுகிறது. இரவு கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தச் செயலியிலேயே பாக்கிதாரர்களுக்குத் தானாக நினைவூட்டல் அனுப்பும் வசதியும் இருந்தது. அதையும் போட்டுவைத்தோம். ஒரு மெஸ்காரம்மாவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில், 'பாக்கியை உடனே செலுத்தவும்' என்று அந்த அம்மாவுக்குச் செய்தி போய்விட்டது. அக்கா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து கணக்கு வைப்பது செயலி, பாக்கி கேட்பது அக்கா.

இன்னொரு இடத்திலும் தவறு செய்தோம். கிரைண்டருக்கு டைமர் மாட்டினோம். நேரம் வந்தால் தானே நிற்கும், சின்னம்மா பக்கத்திலேயே நிற்க வேண்டாம் என்பது என் யோசனை. முதல் வாரம் குறையில்லை. அடுத்த மூட்டை உளுந்து வந்ததும் இட்லி கல்லாகிவிட்டது என்று நாலு பேர் வந்து சொன்னார்கள். சின்னம்மா உளுந்தைக் கையில் அள்ளிப் பார்த்தார். "இது பழைய உளுந்துங்க சாமி. மணி பாத்து ஆட்டுனா பொங்காதுங்க" என்றார். அவர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, மாவை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் நிறுத்துவார். டைமரைக் கழற்றிவிட்டோம்.

கோவைக்காரர்களுக்கு இந்தப் பாடம் பழையதுதான். 1955-இல் பி. சபாபதி இங்கே வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுரலில் குழவியைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்த பெண்களுக்கு அது எத்தனை பெரிய விடுதலை! அந்த இயந்திரம் வாங்கிக்கொண்டது சுற்றுகிற வேலையை. எப்போது தண்ணீர் விடுவது, எந்தப் பதத்தில் வழிப்பது என்பதெல்லாம் ஆட்டுகிறவரிடமே இருந்தது, இன்றும் இருக்கிறது. தினமும் ஒரே மாதிரி நடக்கிற வேலையை, பிசகினால் எண்ணிக்கையில் மட்டும் பிசகுகிற வேலையைத் தாராளமாக இயந்திரத்திடம் கொடுக்கலாம். உளுந்தும் மனுஷரும் நாளுக்கொரு மாதிரி இருப்பவர்கள். அங்கே ஆள் நிற்க வேண்டும்.

டைமரைக் கழற்றிய அன்றுதான் கவனித்தேன். மாவை வழிக்கக் குழவியைத் தூக்கும்போது சின்னம்மா பல்லைக் கடித்துக்கொள்கிறார். நாளுக்கு எட்டுத் தடவை தூக்குகிறார். வயது 58. "தோளு ரெண்டு வருசமா இப்படித்தானுங்க" என்று சாதாரணமாகச் சொன்னார். மணிக்கணக்கு மட்டுமே எழுதிய என் நோட்டில் அந்த வலி இல்லை. பாக்கெட் மெஷினுக்கு எடுத்துவைத்த பணத்தில், குழவியைத் தூக்காமல் அப்படியே சாய்த்து மாவை இறக்கும் கிரைண்டர் வாங்கினோம். வளையலை அடகு வைக்க வேண்டி வரவில்லை.

சிறு கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த இயந்திரத்துக்கும் முன்பணம் கொடுக்குமுன் ஒரு வாரம் உங்கள் நேரத்தை எழுதிப் பாருங்கள். எழுதி முடித்த பிறகு, உங்களிடம் வேலைக்கு இருப்பவரைக் கூப்பிட்டு, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.