விதைநெல்

ஆவணி மகத்தன்று இளையான்குடி மாற நாயனாரின் குருபூசையில், அன்பர்கள் அந்த மழையிரவை எண்ணி உருகுவார்கள். அடியார்க்கு அமுதளித்தே தம் செல்வமெல்லாம் கரைத்த வேளாளர் அவர். நிலங்களை விற்றார், தம்மையே விற்றாலும் தீராத கடன் பட்டார்.

நள்ளிரவில், நனைந்த மேனியோடு சிவனடியார் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. அக்கம்பக்கத்தாரும் இனிக் கடன் தரமாட்டார்கள் என்றார் மனைவியார். அன்று பகலில் விதைத்த செந்நெல்லை வாரி வந்தால் அமுது ஆக்கலாம் என்ற வழியையும் அந்த அம்மையாரே சொன்னார். (நாயனாரைப் பாடுவோர் அவரையும் நினைக்க வேண்டாமா?) பெரிய கூடையொன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, காலால் தடவி வழி கண்டு, நீரில் ஒதுங்கிய முளைகளை வாரி வந்தார் நாயனார். விறகில்லாமையால் கூரையின் மரங்களே அடுப்பில் எரிந்தன.

இதைக் கேட்டுக் கண்ணீர் மல்குவோர் பலர். உழவர் வீட்டில் பிறந்த முதியோர்க்கோ நெஞ்சில் ஒரு நடுக்கமும் எழும். வாரியது விதைநெல் அல்லவா! வயிறு காய்ந்தாலும் விதைக்கென எடுத்து வைத்ததைத் தொடாத குடும்பங்கள் அந்நாளில் உண்டு. அதைக் குத்தி உண்டால் அடுத்த பட்டமும் பசிதான்.

நாயனாருக்கு ஈசன் ஒளியாய்த் தோன்றி அருளினான். இக்காலத்தில், வெள்ளத்தில் நாற்றை இழந்து நிற்கும் எளிய உழவனுக்கு விதை கொடுப்பவர் யார்?

திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அதைச் செய்தார். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், உவர்நிலத்திலும் விளையும் குழியடிச்சான் என 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார். 2006 முதல் ஆண்டுதோறும் நெல் திருவிழா கூட்டி, வந்த உழவர்க்கு 2 கிலோ விதை வழங்கினார். அதற்கு விலை இல்லை. அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும், அவ்வளவே. வட்டிக்கடைக் கணக்கைப்போல் தோன்றினாலும், மிகுந்து வரும் நெல் எவர் பத்தாயத்திலும் தங்குவதில்லை. அது இன்னோர் உழவனின் வயலுக்குப் போகிறது.

2018 டிசம்பர் 6 அன்று நோயுற்று அவர் மறைந்தார். அவருக்குப் பின்னும் திருவிழா தொடர்ந்தது. ஒருவர் சென்ற ஆண்டின் கடனாக 4 கிலோ நெல்லை அளந்து கொடுக்க, அதை மடியில் ஏந்திச் செல்ல இருவர் நிற்பார்கள்.