எந்த அரசாங்கத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள்?

பொதுசன அபிப்பிராயத்தை எண்ணிக் கணக்கிட்டுச் சொல்லும் வழக்கம் இலங்கையிலும் வேரூன்றிவிட்டது. படலையைத் திறந்துகொண்டு வினாக்கொத்தும் கையுமாக வரும் இளைஞர், "அரசாங்கத்தின் கடமைகள் யாவை? அது இன்னும் அதிகம் செய்யவேண்டுமா, குறைவாகச் செய்யவேண்டுமா? அதன் போக்கில் உங்களுக்குத் திருப்தி உண்டா?" என்று கேட்கிறார். விடைகள் கொழும்புக்குப் போகின்றன. சில வாரங்களில் 'இலங்கையர் நினைப்பது இது' என்று பத்திரிகைகளில் ஒரு வீதம் வெளிவருகிறது.

இம்முயற்சியை நாம் பழிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் தேர்தலை மாத்திரம் நம்பியிருப்பவனுக்கு மக்கள் மனம் இடைநடுவே மாறுவது தெரிவதில்லை. 2022 ஜூன் மாதத்தில் வெரிட்டே றிசேர்ச் நிறுவனம் நாடளாவிய முறையில் விசாரித்தபோது, அரசாங்கத்தின் நடப்பை ஏற்றுக்கொண்டவர்கள் 100 க்கு 3 பேரே. அடுத்த மாதம் ஜனாதிபதி நாட்டைவிட்டே ஓடினார். கணக்குப் பொய்க்கவில்லை.

ஆயினும் வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழருக்கு இக்கேள்விகள் அரைக் கேள்விகளே. 'அரசாங்கம் எவ்வளவு வேண்டும்?' என்று கேட்கிறார்கள், 'எந்த அரசாங்கம்?' என்று கேட்பதில்லை.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்னும் பழமொழியைச் சொல்லி யாழ்ப்பாணத்தாரைப் பரிகசிப்போர் உளர். அப்பழமொழி பிறந்த காலத்துக் கோறணமேந்து வேறு. 1956 ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் பின் அந்த உத்தியோகத்தின் வாசல் எங்ஙனம் ஒடுங்கிற்று என்பதைப் படித்த வகுப்பார் மறந்தாரல்லர். பழமொழி மாத்திரம் பழைய இடத்திலேயே நிற்கிறது.

1970 முதல் 1977 வரை நடந்த ஆட்சியை எடுத்துக்கொள்வோம். அரசாங்கத்தின் கை வெகுதூரம் நீண்டிருந்த காலம் அது. வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியை அது கட்டுப்படுத்தியது. குடாநாட்டுச் செம்மண்ணிலே கிணற்று நீரை இறைத்துப் பயிர்செய்த கமக்காரனின் கையில் காசு புரண்டது; ஓலைவீடு கல்வீடாயிற்று. அதே அரசாங்கம் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைப் புகுத்தியது. அதே கமக்காரனின் மகன், போதிய புள்ளி பெற்றும், மருத்துவ பீடத்தின் வாசலுக்கு வெளியே நின்றான். 1977 இல் வந்தவர்கள் சந்தையைத் திறந்துவிட்டார்கள், வெங்காயமும் மிளகாயும் கப்பலில் வந்திறங்கின, தோட்டக்காரன் நொந்தான். 1975 ஆம் ஆண்டில் ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று, 'அரசாங்கம் இன்னும் அதிகம் தலையிடவேண்டுமா?' என்று கேட்டிருந்தால் தகப்பன் ஒன்று சொல்லியிருப்பான், மகன் வேறொன்று சொல்லியிருப்பான். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது யாருடைய மனம்?

அரசாங்கமே வேண்டாம் என்று தமிழன் ஒருகாலும் சொன்னதில்லை. 1953 ஆம் ஆண்டில் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார்கள். ஓகஸ்ட் 12 ஆந் திகதி ஹர்த்தால் நடந்தது; ஒக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். மக்களுக்குச் சோறு கிடைக்கச் செய்வது அரசாங்கத்தின் கடன் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதை அறிய அன்று வினாக்கொத்து வேண்டியிருக்கவில்லை. 2021 இல் இரசாயன உரத்தை ஓரிரவில் தடைசெய்தபோது கிளிநொச்சி வயற்காரனும் பொலநறுவை வயற்காரனும் ஒரே குரலிலேதான் வைதார்கள். உரம், நெல்விலை, ஆசுபத்திரி என்று வந்தால் நாமும் மற்றவரைப் போலவே 'அரசாங்கம் செய்யட்டும்' என்போம். காணி, பாடசாலை, குடியேற்றம், பொலிசு என்று வந்தால், விடை சொல்லுமுன் 'செய்யப்போவது யார்?' என்று கேட்போம். இந்த இரண்டாம் கேள்விக்கு வினாக்கொத்திலே கூடு இல்லை.

இனி எண்ணிக்கையைப் பார்ப்போம். ஆயிரம் பேரை விசாரித்தால் முழுநாட்டுக்குமான விடையில் பிழை ஏறத்தாழ 3 வீதத்துக்குள் அடங்கும். அது நேர்மையான கணக்கு. ஆனால் 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி வட மாகாணத்தின் சனத்தொகை 10 இலட்சத்து 61 ஆயிரம். நாட்டின் தொகையோ இரண்டு கோடிக்கு மேல். அந்த விகிதப்படி ஆயிரம் பேருள் வடக்கத்தையார் 52 பேரே. 52 பேரைக் கொண்டு வடக்கின் மனத்தைச் சொன்னால் பிழை 14 வீதம் வரை போகும். பாதிப்பேர் ஆம் என்றார்கள் என்று வைத்தால், உண்மை 36 ஆகவும் இருக்கலாம், 64 ஆகவும் இருக்கலாம். வேறு விதமாய்ச் சொன்னால், வடக்கு முழுவதும் ஒரே பக்கம் திரும்பினாலும் நாட்டுச் சராசரி ஐந்து வீதமே அசையும். பாராளுமன்றத்தில் நாம் கண்டு சலித்த அதே கணக்கு இங்கேயும் வந்து குந்தியிருக்கிறது.

சொல்லும் விடையை மாற்றும். அமெரிக்காவிலே 1980 களில், ஒரே விசாரணையில், ஒரு பகுதியினரிடம் 'நலன்புரிக்கு'ச் செலவிடும் பணம் போதுமா என்றும், மற்றப் பகுதியினரிடம் 'ஏழைகளுக்கு உதவ'ச் செலவிடும் பணம் போதுமா என்றும் கேட்டுப் பார்த்தார்கள். முதற் கேள்விக்குப் 'போதாது' என்றவர்கள் கால்வாசிப்பேர் அளவில். இரண்டாவதற்கு 100 க்கு 60 பேருக்கு மேல். ஒரு சொல்லுக்கு இத்துணை வலிமையானால், மூன்று பாஷைகளில் ஓடும் வினாவின் கதி என்ன? சிங்களத்தில் 'ரஜய' என்னும் ஒரு சொல் அரசையும் குறிக்கும், அரசாங்கத்தையும் குறிக்கும். தமிழில் அரசு வேறு, அரசாங்கம் வேறு. முன்னையது நிற்பது, பின்னையது வந்துபோவது. மந்திரிசபையில் திருப்தியில்லாதவனின் விடையையும், அரசின் அமைப்பிலேயே திருப்தியில்லாதவனின் விடையையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டுப் பிறகு பிரித்தறிவது எங்ஙனம்?

பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். முன்பின் அறியாத ஒருவர் வந்து பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொண்டு அரசாங்கத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டால், யுத்தகாலத்தில் வாழ்ந்த குடும்பம் முதலில் அவர் முகத்தைப் பார்க்கும், பிறகு அவர் வந்த வாகனத்தைப் பார்க்கும். 'தெரியாது' என்பது அங்கே அறியாமையன்று. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் 1999 முதல் விசாரணை நடத்திவரும் ஆபிரோபறோமீற்றர் என்னும் அமைப்பு, முடிவிலே ஒரு கேள்வி கேட்கிறது: 'எங்களை அனுப்பியவர் யார் என்று நினைக்கிறீர்கள்?' அரசாங்கமே அனுப்பியது என்று எண்ணுவோர் மிகப் பலர்; அவ்வாறு எண்ணியவரின் விடைகளைப் புறம்பாக நிறுத்துப் பார்க்க அக்கேள்வி உதவுகிறது. முல்லைத்தீவிலும் அதைக் கேட்டுப் பார்க்கலாமே.

கொழும்பு நிறுவனங்களை மாத்திரம் குறைகூறிப் பயனில்லை. 'தமிழ் மக்களின் நிலைப்பாடு இதுவே' என்று மேடைதோறும் முழங்கும் எமது தலைவர்கள் அந்நிலைப்பாட்டை எங்கே கேட்டறிந்தார்கள்? நெல்லுக்கு விலை குறிக்கும் அதிகாரம் கொழும்பில் இருக்கவேண்டுமா, மாகாணத்தில் இருக்கவேண்டுமா என்று ஒரு கமக்காரனிடமாவது கேட்டதுண்டா? அப்புக்காத்துமாரின் அபிப்பிராயத்தையே ஊரின் அபிப்பிராயமாக எழுதிக்கொடுப்பது நம்மிடையே பழைய நோய்.

ஆகவே விசாரணை நடத்துவோர் வடக்கிலும் கிழக்கிலும் தனித்தனி 500 பேரையாவது விசாரிக்கட்டும். பிழை நாலரை வீதத்துக்குள் ஒடுங்கும். நாட்டுச் சராசரியைக் காணும்போது அவர்களுடைய பங்கை நிறையிட்டுக் குறைத்துக்கொள்ளலாம்; இது எங்கும் நடக்கும் முறையே, சலுகையன்று. வினாவைத் துறைதுறையாகவும் படிபடியாகவும் பிரித்து, தமிழிலேயே முதலில் எழுதிப் பார்த்து, அறிக்கையை ஆங்கிலத்தோடு அதே நாளில் தமிழிலும் வெளியிடட்டும். 2013 இல் தெரிவாகி 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த வட மாகாண சபையைப் பற்றியும் கேட்கட்டும். அந்த ஐந்தாண்டில் உங்கள் வயலுக்கும் பாடசாலைக்கும் அது செய்தது என்ன, மீண்டும் வந்தால் எதை அதனிடம் ஒப்படைப்பீர்கள், எதைக் கொழும்பிடமே விடுவீர்கள் என்று கேட்கட்டும். விடை கொழும்புக்கும் கசக்கலாம், எங்கள் கட்சிகளுக்கும் கசக்கலாம். கேட்கட்டும்.