வில்லன் யார்?

திருத்தணி மலையடிவாரத்து டீக்கடைகளில் தமிழ்ப் படமும் பேசுவார்கள், தெலுங்குப் படமும் பேசுவார்கள். இரண்டிலும் கெட்டவனுக்குப் பெயர் ஒன்றுதான்: வில்லன்! 1960 ஏப்ரல் 1-ல் இந்த ஊர் ஆந்திராவிலிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, இந்த வசை மட்டும் இருபுறமும் நிலைத்தது.

இந்த இங்கிலீஷ் வார்த்தையின் பூர்வீகம் என்ன? கேளுங்கள், தோழர்களே! லத்தீன் மொழியில் 'வில்லா' என்றால் பண்ணை. அதில் பாடுபட்டவன் 'வில்லானுஸ்'. அதாவது, பண்ணையாள்! தெலுங்குக்காரர் 'பாலேரு' என்கிறாரே, அவனேதான். கொலைகாரனல்ல, கொள்ளைக்காரனல்ல, ஏர் பிடித்தவன்!

இங்கிலாந்தில் இவன் பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தான். உத்தரவின்றி ஊரை விட்டுப் போகக் கூடாது. மகளைக் கட்டிக் கொடுக்கவும் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். 1381-ல் குடியானவர்கள் திரண்டு லண்டனுக்குள் புகுந்தார்கள். அடிமைத்தளையை நீக்குவதாக அரசன் இரண்டாம் ரிச்சர்டு எழுதிக் கொடுத்தான். மறுநாள், பேச வந்த தலைவர் வாட் டைலர் வெட்டப்பட்டார். கூட்டம் கலைந்ததும், எழுதிக் கொடுத்ததை அரசன் ரத்து செய்தான்.

வாக்குத் தவறியவன் அரசன். அயோக்கியன் என்ற பட்டம் யாருக்கு? உழுதவனுக்கு! உயர்குடிப் பிறந்தவனைக் குறித்த 'நோபிள்' நாளடைவில் உத்தமன் என்றாயிற்று. பண்ணையாளைக் குறித்த சொல் பாதகன் என்றாயிற்று. பெயர் வைத்தவன் பிரபு அல்லவா?

நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? "அடே சண்டாளா!" என்று திட்டுகிறோமே, மனு நூலில் அது பிறப்பைக் குறிக்கும் பெயர், செய்கையை அல்ல. திட்டுகிறவர்களில் நாமும் இருக்கிறோம். வெட்கம்!

வெறும் வார்த்தைதானே என்பீர்களா? 1968 டிசம்பர் 25 இரவு, கீழத் தஞ்சை வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டார்கள். கீழ்க்கோர்ட்டு மிராசுதார்களைத் தண்டித்தது. ஹைகோர்ட்டு விடுவித்தது. ஏன்? அவர்கள் பணக்காரர்களாம், கார் வைத்திருப்பவர்களாம். தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! சொத்துள்ளவன் உத்தமன், கூலிக்காரன் பாதகன். அதே பிரபுவின் அகராதி!

தறிக்கொட்டகையிலும் வயல் வரப்பிலும் கூலி கேட்பவனுக்கு நாளை ஒரு பெயர் வைப்பார்கள்: "கலகக்காரன்", "நன்றிகெட்டவன்". அந்தப் பெயரை நம் வாயால் சொல்லுமுன் கேட்போம்: அவன் செய்த குற்றம் என்ன? அந்தப் பெயரால் ஆதாயம் யாருக்கு?