சிறு கூரைக்கு ஏற்ற தகடு எது?

கதிரவன் தரும் ஒளிக்கு விலை இல்லை. அதனை மின்சாரமாக மாற்றும் தகட்டுக்கு விலை உண்டு. விலை குறைந்த தகடே எளியோர்க்கு ஏற்றது என்பர் பலர். மும்பையின் சீத்தா கேம்ப் போன்ற நெருக்கமான குடியிருப்புக்கு அக்கருத்துப் பொருந்தாது என்பதே என் துணிபு.

மாணவர்களே, 1976ஆம் ஆண்டு நெருக்கடி நிலைக் காலத்தில் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியேற்றப்பட்ட இடம் சீத்தா கேம்ப். அவர்களுள் தமிழர் பலர். அருகில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் டிராம்பே அனல்மின் நிலையமும் உள்ளன. ஆற்றல் துறையின் இரு பெரும் களங்களுக்கு அண்டையில் வாழும் இம்மக்கள், தாமே மின்சாரம் ஆக்க விரும்பினால், அதற்கு வாய்த்த இடம் கூரை ஒன்றே. அக்கூரையோ சிறியது.

சூரியத் தகடுகள் பெரும்பாலும் சிலிக்கானால் ஆனவை. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிலிக்கான் மின்கலம், தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே மின்சாரமாக மாற்றியது. இன்றைய தகடுகள் மூவகைப்படும்.

ஒற்றைப் படிகத் தகடு, ஒரே படிகமாக வளர்த்த உருளையை மெல்லிய வில்லைகளாக அறுத்துச் செய்யப்படுவது. நிறம் கருமை; நூற்றுக்கு 20 பங்கும் அதற்கு மேலும் தரும். பல்படிகத் தகடு, உருக்கிய சிலிக்கானை அச்சில் வார்த்துச் செய்யப்படுவது. நிறம் நீலம். படிகங்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளில் மின்னோட்டம் தடைப்படுவதால் 15 முதல் 17 பங்கே கிட்டும். படிகமற்ற சிலிக்கான், கண்ணாடிமீது மெல்லிய படலமாகப் படியவைக்கப்படுவது. உங்கள் கணிப்பானில் காண்பது இதுவே. இது 6 முதல் 8 பங்கு தரும்.

இவற்றைக் கூரையில் வைத்துக் கணக்கிடுவோம். 1 கிலோவாட் திறன் பெற, ஒற்றைப் படிகத்திற்கு ஏறத்தாழ 54 சதுர அடியும், பல்படிகத்திற்கு 67 சதுர அடியும், படிகமற்றதற்கு 150 சதுர அடியும் தேவை. நூறு சதுர அடியே உள்ள கூரையில் மூன்றாம் வகை ஒரு கிலோவாட்டைக்கூட எட்டாது.

பல்படிகம் மலிவன்றோ எனலாம். ஆயின் தாங்குசட்டம், கம்பி, இன்வெர்ட்டர், கூலி ஆகியவற்றின் செலவு எவ்வகைக்கும் ஏறக்குறைய ஒன்றே. தகட்டில் மிச்சமாகும் சிறு தொகைக்காக, இருபத்தைந்து ஆண்டுகள் குறைந்த மின்சாரம் பெறுவது சிக்கனம் ஆகாது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டமும் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் வழங்குகிறது. மானியம் திறனுக்கே அன்றிப் பரப்புக்கு அன்று.

வெப்பம் மிகும்போது படிகமற்ற தகடு குறைவாகவே சோர்வடையும் என்பது உண்மை. எனினும் அந்நன்மை, இட இழப்பை ஈடுசெய்யாது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில், 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் அமைந்தது. அத்தகைய பரந்த நிலத்தில் இடத்தை எண்ணாமல் விலையை எண்ணலாம், இங்கு இயலாது.

ஒற்றைப் படிகமும் நிழலில் தோற்கும். தகட்டின் கலங்கள் தொடராக இணைந்தவை. அண்டை வீட்டு மாடியின் நிழல் சில கலங்களில் விழுந்தாலும் விளைச்சல் பெரிதும் குறையும். ஒரு தகடு 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. தகரக் கூரை அதனைத் தாங்காமல் போகலாம். அங்கெல்லாம் பள்ளி, வழிபாட்டிடம் ஆகியவற்றின் உறுதியான மாடிகளைப் பொதுவில் பயன்படுத்துவதே தக்கது.

எனவே, தகடு விற்க வருபவரிடம் விலையை மட்டும் கேட்காதீர்கள். "ஒரு சதுர அடிக்கு எத்தனை வாட்?" என்றும் கேளுங்கள். இடம் குறைந்தவர்க்கே தரம் மிகுதியாக வேண்டும்.

சிந்தித்து எழுதுக
1. ஆசிரியர் கருத்தை ஏற்கிறீரா? காரணம் கூறுக.
2. உம் வீட்டுக் கூரையை அளந்து, மூவகைத் தகடுகளாலும் எத்தனை கிலோவாட் பெறலாம் எனக் கணக்கிடுக.