மணமாலைக்குக் காவல்! பணமூட்டைக்குக் கம்பளம்!

தோழர்களே!

இலண்டன் மாநகரின் வாயிலிலே இருவர் வந்து நிற்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். ஒருத்தியின் கழுத்திலே மணமாலை. அவள் கணவன் அந்நாட்டுக் குடிமகன். உணவு விடுதியிலே உழைத்துப் பிழைப்பவன். மற்றவன் தோளிலே பணமூட்டை. அவனுக்கு அந்நாட்டிலே உற்றாரும் இல்லை, உறவினரும் இல்லை, செய்து முடிக்கவேண்டிய வேலையும் இல்லை. இவ்விருவரில் யாருக்குக் கதவு விரைந்து திறந்தது?

"கட்டிய மனைவிக்குத்தானே!" என்பீர்கள். இல்லை, தோழர்களே, இல்லை! பிரிட்டிஷ் அரசு 2011 ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி, ஒரு கோடி பவுண்டு முதலீடு செய்தவனுக்கு இரண்டே ஆண்டுகளிலே நிரந்தரக் குடியிருப்பு உரிமை! மறு ஆண்டே, 2012 ஜூலையிலே, அதே அரசு மாற்றி எழுதிய விதிப்படி, மனைவிக்கு ஐந்து ஆண்டுக் காத்திருப்பு! அதற்கு முன்னர் அவளுக்கும் இரண்டு ஆண்டுகள்தாம். மூட்டையைக் கண்டதும் முறுவலித்த முகம், மாலையைக் கண்டதும் ஏன் கடுகடுத்தது?

ஏன் இதைப் பேசுகிறோம்? "திருமணம் என்பது குடியேறுவதற்குக் கொல்லைப்புற வழி, உழைத்து வருவது நேர்வழி, மணந்து வருவது குறுக்குவழி" என்று ஒரு கூட்டம் ஓயாமல் ஓதி வருகிறது. பிரிட்டனிலே மட்டுமல்ல; குடியேற்றம் பற்றிய பேச்சு எழுகிற எந்நாட்டிலும் இந்தக் குரல் கேட்கிறது. நம்மிடையேயும் நல்லவர் சிலர் அதை நம்பிவிடுகின்றனர். அந்தக் கூற்றைத் தராசிலே வைத்து நிறுத்துப் பார்ப்போம், வாருங்கள்.

பிரிட்டனுக்குள்ளே குடிபுகப் பல வழிகள் உண்டு. அவற்றுள் நான்கைப் பார்ப்போம். உழைப்பு வழி ஒன்று. குருதி வழி ஒன்று. பண வழி ஒன்று. மண வழி ஒன்று.

உழைப்பு வழியின் கதையைக் கேளுங்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேரரசின் குடிமக்கள் பிரிட்டனுக்குத் தடையின்றிச் செல்லலாம். போரிலே சிதைந்த நாட்டைச் சீர்ப்படுத்தக் கைகள் வேண்டியிருந்தன. ஆகவே கதவு திறந்திருந்தது. கட்டடம் எழுந்தது, பேருந்து ஓடியது, மருத்துவமனை நிறைந்தது. உடனே, கறுத்த கைகள் கண்ணை உறுத்தத் தொடங்கின. 1962 இல் அனுமதிச் சீட்டு முறை வந்தது. 1968 மார்ச்சிலே, கென்யாவில் வாழ்ந்த இந்திய வழியினர் பிரிட்டிஷ் கடவுச்சீட்டே வைத்திருந்தும் வரக்கூடாது என்று, சில நாட்களுக்குள்ளே அவசர அவசரமாக ஒரு சட்டம் நிறைவேறிற்று. 1971 இல் இயற்றி 1973 இன் முதல் நாளிலே நடைமுறைக்கு வந்த சட்டம், குறித்த ஒரு வேலை, குறித்த ஒரு முதலாளி என்ற கட்டுக்குள் உழைப்பாளியை அடக்கிற்று.

அதே சட்டத்தின் கீழ் வந்த விதிகள் குருதி வழிக்கு மட்டும் கோலமிட்டு வைத்தன. பாட்டனோ பாட்டியோ பிரிட்டனிலே பிறந்திருந்தால், காமன்வெல்த் நாட்டவர் சென்று உழைத்து, ஐந்தாண்டிலே நிலைபெறலாம். சம்பள வரம்பு இல்லை. அந்த வழி இன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அத்தகைய பேரப்பிள்ளைகள் மலிந்திருப்பர். கிங்ஸ்டன் நகரிலும் கல்கத்தா நகரிலும் எத்தனை பேர் இருப்பர்? நிறம் என்ற சொல் சட்டத்திலே இல்லை. ஆனால் நிறம் பார்க்கும் கண்ணாடி அதிலே பதிக்கப்பட்டிருந்தது!

உழைப்பு வழி குறுகியபின், அங்கே ஏற்கெனவே குடியேறியிருந்தோர் மனிதர்கள் அல்லவா? அவர்கள் மணம் புரிய மாட்டார்களா? மனைவி மக்களோடு வாழ விரும்ப மாட்டார்களா? அந்த எளிய, இயற்கையான விருப்பத்துக்குத்தான் "கொல்லைப்புற வழி" என்று பட்டம் சூட்டினார்கள். அந்த வழியிலே அவர்கள் நிறுத்திய காவல் எத்தகையது தெரியுமா?

1979 ஜனவரித் திங்கள். ஹீத்ரோ விமான நிலையம். இந்தியாவிலிருந்து ஓர் ஆசிரியை, 35 வயதினர், அங்கே வாழும் மணமகனை மணக்க வந்து இறங்கினார். மணக்க வருபவருக்கு முன்கூட்டிய அனுமதி வேண்டியதில்லை. மணமுடித்து வருபவருக்கு வேண்டும் என்பது அன்றைய விதி. "இவர் முன்பே மணமானவரோ?" என்று அதிகாரிகளுக்கு ஐயம். ஆவணத்தைப் பார்த்தார்களா? ஊருக்கு எழுதிக் கேட்டார்களா? இல்லை, ஆண் மருத்துவரைக் கொண்டு அந்த ஆசிரியையின் கன்னிமையைச் சோதித்தார்கள்! பிப்ரவரி முதல் நாள் 'கார்டியன்' நாளிதழ் அதை வெளியிட்டது, உலகம் காறி உமிழ்ந்தது, இந்திய அரசு கண்டித்தது, சோதனை நிறுத்தப்பட்டது. "எங்கோ ஒரு தவறு நேர்ந்துவிட்டது" என்று மழுப்பினர். பின்னாளிலே ஆய்வாளர்கள் அரசின் பழைய கோப்புகளைப் புரட்டியபோது, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலே எழுபதுகளின் இறுதியில் குறைந்தது 80 பெண்களுக்கு இக்கொடுமை இழைக்கப்பட்ட செய்தி 2011 இல் அம்பலமாயிற்று.

இதுவா கொல்லைப்புற வழி? இதுவா குறுக்குவழி?

மணமகளுக்கு இது என்றால், மணமகனுக்கு வேறு பொறி. "இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனிலே குடியேறுவதன்று என்று நீயே மெய்ப்பித்துக் காட்டு" என்பது எண்பதுகளின் விதி. இருவரும் மெய்யாகவே மணந்தவர்கள் என்று ஒப்புக்கொண்ட பின்னரும், நோக்கத்தைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்தினார்கள். நெஞ்சைப் பிளந்து நோக்கத்தைக் காட்ட யாரால் முடியும்? 1997 ஜூனில்தான் அவ்விதி ஒழிந்தது.

அதற்கிடையே ஒரு வழக்கு. நிலைபெற்ற ஆண் தன் மனைவியை அழைத்துக் கொள்ளலாம்; அதே போல நிலைபெற்ற பெண் தன் கணவனை அழைக்க முடியாது. மூன்று பெண்கள் ஸ்திராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றனர். 1985 மே 28 ஆம் நாள், "இது பாலின வேற்றுமை" என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு என்ன செய்தது? பெண்ணுக்கும் உரிமை தந்ததா? இல்லை, ஆணுக்கிருந்த உரிமையையும் பறித்து, மனைவியருக்கும் அதே பொறியை வைத்தது! அண்ணனுக்குக் கஞ்சி, தங்கைக்குப் பட்டினி, "நீதியா இது?" என்று தங்கை கேட்டாள், கஞ்சிக் கலயத்தையே உடைத்துவிட்டு, "இப்போது இருவரும் சமம்" என்றானாம் ஒரு தந்தை. அந்தத் தந்தையின் தர்மம் இது!

உடலைச் சோதித்தது போதும், உள்ளத்தைச் சோதித்தது போதும் என்று, 2012 இல் சட்டைப்பையைச் சோதிக்கத் தொடங்கினர். வெளிநாட்டுத் துணையை அழைக்கும் குடிமகன் ஆண்டுக்கு 18,600 பவுண்டு ஈட்டவேண்டும் என்றனர். 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 ஆயிற்று. 38,700 வரை ஏற்றுவோம் என்று அறிவித்தனர். ஆட்சி மாறியதால் அந்த ஏற்றம் நின்றது. கணக்கைப் பாருங்கள். அதே 2024 ஏப்ரலிலே பிரிட்டனில் 21 வயது நிறைந்தவருக்குச் சட்டம் குறித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. வாரம் 40 மணி நேரம், ஆண்டின் 52 வாரமும் ஓய்வின்றி உழைத்தாலும் 23,795 பவுண்டுதான் கிடைக்கும். "இந்தக் கூலி வாழப் போதும்" என்று ஒரு சட்டம் சொல்கிறது. "இந்தக் கூலிக்காரன் மனைவியோடு வாழக்கூடாது" என்று மற்றொரு சட்டம் சொல்கிறது. இரண்டும் ஒரே அரசின் சட்டங்கள்!

மனைவி தன் ஊரிலே மருத்துவராயிருந்து பொருளீட்டினாலும், வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கையில் அவ்வருமானம் கணக்கிலே சேராது. வருமானமே இல்லையா? 88,500 பவுண்டு சேமிப்பைக் காட்டு என்கின்றனர். விண்ணப்பிக்கும்போதே, மருத்துவத்துக்கென ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் தனிக் கட்டணம். தந்தை ஓர் நாட்டிலும் தாய் ஓர் நாட்டிலுமாகக் கணினித் திரையிலே பெற்றோர் முகம் காணும் பிள்ளைகளுக்கு, 'ஸ்கைப் குடும்பத்துப் பிள்ளைகள்' என்று அந்நாட்டிலேயே பெயர் வந்துவிட்டது. 2017 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் வருமான வரம்பைச் சட்டப்படி செல்லும் என்றது. ஆனால், குழந்தைகளின் நலனை விதிகள் உரியவாறு கருதவில்லை என்று கண்டிக்கவும் செய்தது.

இனி, பண வழியைப் பாருங்கள். 2008 இல் திறந்த வழி அது. ஒரு கோடி பவுண்டு போட்டால் இரண்டு ஆண்டு, 50 இலட்சம் போட்டால் மூன்று ஆண்டு என்று விலைப்பட்டியல் தொங்கிற்று. பணம் எங்கிருந்து வந்தது என்று துருவினார்களா? 2015 வரை, பிரிட்டனிலே வங்கிக் கணக்குத் திறக்கும் முன்னரே அனுமதி கிடைத்து வந்தது! ஆசிரியையின் உடலை ஐயுற்றவர்கள், செல்வனின் பணப்பெட்டியை ஐயுறவில்லை. கறைபடிந்த பணம் நுழைகிறது என்ற கூக்குரல் வலுத்த பின்னரே, 2022 பிப்ரவரி 17 ஆம் நாள் அக்கடையை மூடினர். பதினான்கு ஆண்டு வாணிபம்!

"பொய்த் திருமணங்கள் இல்லையா?" என்று கேட்பர். உண்டு, தோழர்களே, மறைக்க மாட்டோம். காசுக்குக் கையெழுத்திடும் கயவர் உண்டு. கண்டுபிடியுங்கள், தண்டியுங்கள். ஆனால் கள்ளநோட்டு அடிப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதற்காகக் கூலிக்காரனின் மடியிலுள்ள காசையெல்லாம் பறிமுதல் செய்வது முறையா?

மண வழியே மாண்புடையது என்று வாதாடவும் நாம் வரவில்லை. அந்த வழியிலே ஒரு முள் இருக்கிறது. ஐந்தாண்டுக் காலம் மனைவியின் குடியிருப்பு உரிமை கணவனின் கையிலே! அவன் அடித்தாலும் அவள் வாய் திறக்க அஞ்சுவாள். "நாடு கடத்திவிடுவேன்" என்ற ஒரு சொல், சாட்டையைவிடக் கொடிது. 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' போன்ற பெண்கள் அமைப்புகள் போராடியதன் பயனாகவே, கொடுமைக்கு ஆளான மனைவியர் தனித்து நிலைபெறலாம் என்பது 1999 இல் சலுகையாகவும், 2002 இல் விதியாகவும் வந்தது.

உழைப்பு வழியிலே மட்டும் முள் இல்லையா? அங்கே உரிமை முதலாளியின் கையிலே! வேலை போனால், வழக்கமாக 60 நாட்களுக்குள் வேறு முதலாளி தேடவேண்டும், இன்றேல் வெளியேறவேண்டும். முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உறங்க வைக்க வெளிநாட்டிலிருந்து பணியாளரை வரவழைத்தனர். 2024 மார்ச் 11 முதல், புதிதாக வரும் அப்பணியாளர் கணவனையோ மனைவியையோ மக்களையோ உடன் கொணரலாகாது என்றனர். 2025 ஜூலை 22 முதல், வெளிநாட்டிலிருந்து அவர்களைப் புதிதாக அமர்த்தும் கதவையே அடைத்தனர். 2025 மே மாத வெள்ளையறிக்கையோ, நிலைபெறக் காத்திருக்கும் ஐந்தாண்டைப் பத்தாக்குவோம் என்று கூறிற்று. குடிமகனின் துணைவருக்கு மட்டும் ஐந்தே தொடரும் என்றது. உடனே, உழைத்து வந்தவன் மணந்து வந்தவளைப் பார்த்துப் பொருமவேண்டும் என்பதுதான் அவர்கள் எதிர்பார்ப்பு!

உண்மை இங்கேதான் இருக்கிறது, தோழர்களே. மணந்து வந்தவளின் கயிறு கணவன் கையிலே. உழைத்து வந்தவனின் கயிறு முதலாளி கையிலே. பணத்தோடு வந்தவனின் கழுத்திலே மட்டும் கயிறே இல்லை! போட்டி மணத்துக்கும் உழைப்புக்கும் அன்று. பணம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே கிழித்த கோடுதான் அது. அந்தக் கோட்டை மறைக்கத்தான் மருமகளையும் கூலியாளையும் மோதவிடுகிறார்கள்.

ஆகவே, மேடையிலும் தெருமுனையிலும் தேநீர்க் கடையிலும் "கொல்லைப்புற வழி" என்ற சொல்லைக் கேட்டால் வாளாவிராதீர்கள். கேளுங்கள்: கூலிக்குறைவு குற்றமா? குடும்பம் செல்வரின் தனிச்சொத்தா? மனைவியின் உரிமை கணவனின் கோபத்தையும், தொழிலாளியின் உரிமை முதலாளியின் தயவையும் சார்ந்திருப்பது நாகரிகமா? வருமான வரம்பு ஒழியட்டும்! வந்து வாழ்ந்தவருக்கு அவரவர் பெயரிலேயே உரிமை நிற்கட்டும்! உழைக்க வந்தவர் தம் துணையோடும் மக்களோடும் வாழட்டும்!

இவற்றை எந்த அரசு மறுத்தாலும், எந்த நாட்டிலே மறுத்தாலும், அது நம் எதிர்ப்புக்கு உரியது. மாலையைச் சோதித்தது போதும். மூட்டையை அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள்!